ஆறு நொடிப் பிக்கப்

"ஆறே நொடியில நூறு, சார்! கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அடுத்த ஊர் வந்துடும்!" என்றார் விற்பனையாளர், சிவப்பு வண்டியின் தலையைத் தடவியபடி.

"கண்ணைத் திறந்துக்கிட்டு ஓட்டினா எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டான் மைத்துனன். தொழில் மெக்கானிக். அக்கா புருஷனுக்கு வண்டி பார்க்க வந்தவன், காலையிலிருந்து வாய்க்கு ஓய்வு கொடுக்கவில்லை.

அக்கா புருஷன் டிரைவர். நாளையோடு வேலையிலிருந்து ஓய்வு. இருபத்தெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தும், அவருடைய வேகமுள் இருபதைத் தாண்டியதில்லை. வீட்டில் மட்டும் கார்ப் பத்திரிகைகள் கட்டில் உயரத்துக்குக் கிடந்தன. ஒரே ஒரு தரம் முள் நூறைத் தொடவேண்டும். வாழ்க்கையில் வேறு ஆசை எதுவும் அவருக்கு மிச்சமில்லை. இந்தக் குட்டிச் சிவப்பு வண்டி அதற்காகத்தான். கடையில் இருப்பதோ ஒன்றே ஒன்று. நாலு மணிக்கு ஒரு பல் டாக்டர் அதைக் கொண்டுபோக வருகிறாராம்.

"அவசரப்படாதீங்க மாமா. எதிர்க்கடை நீல வண்டி வளைவுல தண்டவாளத்துல போற மாதிரி போகுது."

"பின் சீட்டு தீப்பெட்டி, மாப்ளே. உங்க அக்காவை மடிச்சுத்தான் வைக்கணும்."

"சரி, தெருமுனைக் கடையில வெள்ளை?"

"அதுல உறுமறது எஞ்சின் இல்ல, ஸ்பீக்கர். பல்செட் போட்டுக்கிட்டுக் கடிக்க வர்ற மாதிரி இருக்கு."

"ஆனா குலுங்காது!"

"எனக்குக் குலுங்கணும்டா! குலுங்காமலே இருபத்தெட்டு வருஷம் ஓட்டியாச்சு."

சொல்லிவிட்டு டிரைவர் சிவப்பு வண்டியின் பின்னால் போனார். டிக்கியை இரண்டு கையாலும் சத்தமில்லாமல் தூக்கினார். இரண்டு அடி ஒதுங்கி, கைகட்டித் தலைகுனிந்து நின்றார். பழக்கதோஷம்.

விற்பனையாளர் உருகிப்போனார். 'என்ன பவ்யம்! நிச்சயம் பெரிய இடத்து டிரைவர்.'

"சார், நீங்க ஓட்டற வண்டி போகும்போது ரோட்டுல..."

"எல்லாரும் ஒதுங்கி நிப்பாங்க. தொப்பி வச்சவங்க கழட்டிடுவாங்க."

"பூவெல்லாம்?"

"பூ இல்லாம வண்டியை எடுத்ததே இல்ல."

"லேட்டாப் போனா திட்டுவாங்களா, சார்?"

"இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல, தம்பி. தங்கமான மனுஷங்க."

மைத்துனனுக்குத் தேநீர் புரையேறியது. விற்பனையாளர் அதைக் கவனிக்கவில்லை. மந்திரியா, நீதிபதியா என்று மனசுக்குள் சீட்டுக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல் டாக்டர் கிடக்கறார், சார். ஓட்டிப் பாருங்க. நாலு மணிக்குள்ள முடிவைச் சொன்னாப் போதும்."

முன் சீட்டில் மைத்துனன் ஏறிக்கொண்டான். விற்பனையாளர் கறுப்புக் கோட்டும் விலைப்பட்டியலுமாகப் பின்னால் உட்கார்ந்தார்.

புறவழிச் சாலை காலியாகத்தான் இருந்தது. முள் பதினெட்டில் நின்றது.

"மிதிங்க மாமா!"

"மிதிக்கணும்னுதான் பார்க்கறேன். கால் கேட்க மாட்டேங்குது."

"நூறு வேணாம், ஒரு முப்பதாவது காட்டுங்க. எருமை கூட ஹாரன் அடிக்கும்போல இருக்கு."

ஆனால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்ந்த ஒன்பது வண்டிகள், பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, அதே பதினெட்டில் வரிசையாக வந்தன. ஒன்றுகூட முந்தவில்லை.

"பார்த்தீங்களா சார், நம்ம வண்டிக்கு என்ன மரியாதை!" என்றார் விற்பனையாளர். அப்படி ஒரு சீரான ஓட்டத்தை அவர் அனுபவித்ததே இல்லை. ஐந்து நிமிஷத்தில் கண் சொக்கியது. தலை பின்னால் சாய்ந்தது. விலைப்பட்டியலின் மேல் இரண்டு கையும் மார்போடு சேர்ந்துகொண்டன.

"மூணே முக்கால் ஆச்சு மாமா. கடைசியாக் கேக்கறேன், மிதிப்பீங்களா மாட்டீங்களா?"

நாற்சந்தி வந்தது, டிரைவர் நிறுத்தினார்.

ஓரமாகச் சைக்கிளில் வந்த ஒருவர் டிரைவரைப் பார்த்ததும் சட்டென்று இறங்கினார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலருகே குனிந்தார். பின் சீட்டைப் பார்த்து அவர் முகம் வாடிப்போயிற்று.

"சவ வண்டி ரிப்பேரா, அண்ணே? காருலயே கொண்டுபோறீங்க? பின்னால விளக்கைப் போட்டுக்கிட்டு ஊர்வலம் வேற வருதே. ஐயோ, சின்ன வயசா இருக்காரே... எத்தனை மணிக்கு அடக்கம்?"

விற்பனையாளர் திடுக்கிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாலு மணிக்குள்ள முடிச்சிடணும், சார்!"

சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. தொப்பி டிரைவரின் மடியில் கிடந்தது. ஆள் நேர்ச்சாலையில் ஓடி ஒரு புள்ளியாகிவிட்டார்.

"பிக்கப்னா அதுதான் மாமா!" என்றான் மைத்துனன்.

"தொப்பியைக் கொடுக்கணும்டா," என்று டிரைவர் மிதித்தார். முள் நூறைத் தொட்டது. பின்னால் விளக்கோடு வந்த ஒன்பது வண்டிகளும் மரியாதை குறையாமல் அதே நூறில் வந்தன. ஆளைத்தான் பிடிக்க முடியவில்லை.