தர்ல்பெக் வீட்டு வாரிசு

சார்லஸ் மன்னரின் தலையை வெட்டச் சொன்ன ஆணையில் கையெழுத்துப் போட்டவர்களில் ஆம்புரோஸ் தர்ல்பெக்கும் ஒருவன். மன்னரின் மகன் அரியணை ஏறியதும் அவனை லண்டனில் தூக்கிலிட்டார்கள். அவன் குடும்பச் சொத்தைப் பறிக்க டெவனுக்கு ஓர் அதிகாரி வந்தார்.

அவனுடைய தந்தை காட்ஃப்ரே, தேவாலயத்தில் பைபிள்மேல் கைவைத்தார். "அவன் யாரோ எவனோ. எனக்குப் புள்ளையே பொறக்கல."

"ஊர்லயும் அப்படித்தான் சொல்றாங்க. வீடு உங்களுக்கே," என்றார் அதிகாரி.

ஊரார் காட்டிக்கொடுக்கவில்லை என்று காட்ஃப்ரே நெகிழ்ந்துபோனார். ஆம்புரோசின் மகள், தாயில்லாத டாம்சின், இனித் தெருவில் நிற்க வேண்டாம். அவளுக்காகத்தான் அந்தப் பொய்.

வீட்டில் மனைவி ஜுடித் இரண்டு தட்டுகள் மட்டும் வைத்திருந்தாள்.

"டாம்சின் எங்கே?"

"யாரு அது?"

"நம்ம பேத்தி!"

ஜுடித்தின் முகம் சுருங்கியது. "வயிறு திறக்காதவகிட்ட பேத்தி எங்கேன்னு கேக்குறீங்க. இன்னும் எத்தனை வருஷம் இப்படிக் குத்திக் காட்டுவீங்க?"

அவர் மாடிக்கு ஓடினார். குழந்தையின் அறையில் கட்டில் இல்லை. கூரைவரை கோதுமை மூட்டைகள் அடுக்கியிருந்தன. மேல்மூட்டையில் பழைய தூசி படிந்திருந்தது.

அதிகாரி குதிரையேறும்போது காட்ஃப்ரே மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "ஆம்புரோஸ் என் மகன்தான்! பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன். வீட்டை எடுத்துக்குங்க!"

"வீட்டுக்குப் போங்க பெரியவரே," என்றார் அதிகாரி இரக்கத்துடன். "தூக்குமேடையில நானும் இருந்தேன். அப்பா யாருன்னே தெரியாதுன்னு அவனே சொன்னான். அதைச் சொல்றப்ப மட்டும்தான் அழுதான்."