எஞ்சினியரிட்டைக் குடுங்கோ

லண்டன் ஹரோவில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தின் மாடி ஜன்னலில் மழை வழிகிறது. மிதுஷாவின் மேசையில், ஸ்பீக்கரில் போட்ட போனுக்குள் சட்டன் நகர மருந்துக்கடைக்காரர் குலசிங்கம் கத்துகிறார். கடைக் கம்ப்யூட்டர் நின்று ஒரு மணி நேரமாகிறது. இன்சுலினுக்கு வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். "பிள்ளை, போனை எஞ்சினியரிட்டைக் குடுங்கோ." "அங்கிள், உங்கட கடைப் புரோகிராமை எழுதினதே நான்தான். நான் சொல்லுறதைச் செய்யுங்கோ, ரெண்டு நிமிசம் காணும்." நாலாவது முறையாகச் சொல்கிறாள். "பகிடி விடாதேங்கோ. ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" அவர் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை விடாமல் அழுகிறது. விற்பனைப் பிரிவுத் தர்சிகன் தேநீர்க் கோப்பையோடு கடந்து போகிறான். புரோகிராமில் ஒரு வரிகூட எழுதத் தெரியாதவன். மிதுஷா அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறாள். போனை அவன் பக்கம் தள்ளிவிட்டு, செய்ய வேண்டியதை ஒரு தாளில் கிறுக்கிக் காட்டுகிறாள். அவன் தடுமாறித் தடுமாறி வாசிக்கிறான். "ஓம் தம்பி, ஓம்" என்று குலசிங்கத்தின் குரல் தணிகிறது. மூன்றாவது வரியில் அங்கே பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்கிறது. "நீங்கள் நல்லா இருக்கோணும் தம்பி. அந்தப் பிள்ளைக்கும் கொஞ்சம் வேலை பழக்கி விடுங்கோ." தர்சிகன் தலை குனிகிறான். மிதுஷா தாளில் அடுத்த வரியை எழுதுகிறாள்: 'சரி அங்கிள் எண்டு சொல்லு.'