ஓர் அடி தள்ளி

ஒரு விடுகதை. எட்டிப் பிடிக்கப் போனால் ஓர் அடி தள்ளிப் போய் நிற்கும். பார்த்தாலே எரிச்சல் வரும். ஆனால் அது இல்லாவிட்டால் எழுந்து நடக்கவே தோன்றாது. அது என்ன?

நிழல் என்பீர்கள். நல்ல பதில்தான். ஆனால் இந்தக் கதையில் அது விரல் நீள நீல டேப்.

மருத்துவமனையின் நடைப்பயிற்சி அறையில், இடுப்பு உயரத்துக்கு இரண்டு இரும்புக் கம்பிகள். அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடந்து பழக வேண்டும். யார் எதுவரை நடந்தாரோ, அந்த இடத்தில் பயிற்சியாளரான பெண் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டுவார். ஆளுக்கொரு நிறம்.

விபத்தில் கால்கள் முறிந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு மஞ்சள். காலை பத்து மணி அவள் முறை. அதற்கு முந்தைய முறை ஒரு லாரி ஓட்டுநருடையது. அவருக்கு நீலம்.

அவள் வரும்போது அவர் பயிற்சி முடிந்து, சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் இருப்பார். வாய் மட்டும் ஓயாது.

"என்ன பாப்பா, இன்னைக்காவது என் கோட்டைத் தொடுவியா? என் லாரி ரிவர்ஸ்லயே இதைவிட வேகமாப் போகும்."

சிறுமி பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியைப் பிடிப்பாள். முதல் மாதம் முழுக்க எழுந்து நிற்கவே மறுத்தவள் அவள். இப்போது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தாள். ஆனால் நீலத்தைத் தொட்டுவிட்டால், மறுநாள் அது ஓர் அடி தள்ளி இருக்கும்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பயிற்சியாளரைத் தனியே அழைத்தாள்.

"தலை நரைச்ச மனுஷன், குழந்தையோட போட்டி போடறார். வீட்டுக்கு வந்தா குமுறிக் குமுறி அழறா. அவர் நேரத்தை மாத்துங்க. இல்லன்னா நாங்க வேற ஆஸ்பத்திரி பார்த்துக்கறோம்."

"ஒரு வாரம் பொறுங்கம்மா," என்றார் பயிற்சியாளர்.

அந்த வாரக் கடைசியில் சிறுமி கம்பியின் மறுமுனையைத் தொட்டாள். பன்னிரண்டு அடி. நீல டேப் அவளுக்குப் பின்னால் கிடந்தது.

"நாளைக்குச் சீக்கிரம் போறோம்," என்றாள் அம்மா. "அவரை நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்டாத்தான் என் மனசு ஆறும்."

மறுநாள் ஒன்பதரைக்கே போனார்கள். கதவு பாதி திறந்திருந்தது. மகளின் சக்கர நாற்காலியை அம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

உள்ளே, கம்பிகளுக்கு நடுவே ஓட்டுநர். அவர் இடுப்பில் கட்டிய வாரைப் பயிற்சியாளர் பிடித்திருந்தார். ஓட்டுநர் ஒரு காலை இழுத்து வைத்தார். மறு கால் மடங்கியது. பின்னால் இருந்த நாற்காலியில் அப்படியே சரிந்தார்.

"ஒண்ணரை அடி," என்றார் பயிற்சியாளர். "ரெண்டு மாசமா இதே இடம்தான் அண்ணே. உங்களுக்காகவும் கொஞ்சம் முயற்சி பண்ணணும்."

"என்னை விடும்மா. நான் நடந்து யார் வீட்டுக்குப் போகப் போறேன்? பாப்பா வந்துடும். டேப்பை மாத்து."

"எங்கே ஒட்டறது? கம்பி முடிஞ்சு போச்சே."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்தார். "கம்பியைத் தாண்டி ஓர் அடி தள்ளி ஒட்டு. கையை விட்டுட்டு நடந்தேன்னு அளந்து விடறேன்."

"அவங்க அம்மா உங்க மேல கோபமா இருக்காங்க."

"பின்னே? பெத்தவங்க என்னைக் கொஞ்சுவாங்களா? நானா இருந்தா நாற்காலியோட வெளியே தள்ளியிருப்பேன்."

அம்மாவால் உள்ளே போக முடியவில்லை. இருவரும் பத்து மணிவரை வெளியே காத்திருந்தார்கள்.

ஓட்டுநர் அன்றும் பேச்சில் லாரியை இழுத்தார், ரிவர்ஸை இழுத்தார். சிறுமி கம்பியின் மறுமுனைவரை போனாள். கையை விட்டாள். தள்ளாடி இரண்டு எட்டு வைத்து, நீல டேப்பின் மேல் நின்றாள்.

பயிற்சியாளர் மஞ்சள் டேப்பைக் கிழித்துக்கொண்டு குனிந்தார்.

"நான் ஒட்டறேன் அக்கா," என்றாள் சிறுமி.

டேப்பை வாங்கிக்கொண்டு கம்பியின் தொடக்கத்துக்குத் திரும்பி வந்தாள். மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். ஓட்டுநர் சரிந்த இடத்திலிருந்து ஓர் அடி தள்ளி அதை ஒட்டினாள்.