ஆரிட்டைக் கேட்டனீங்கள்?

"நீங்கள் சொன்னது பொய் ரீச்சர். கையெழுத்துப் போட்டுச் சொன்ன பொய்."

பிறேம் எல்லோருக்கும் முன்னால்தான் சொன்னான். காலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சிசிலியா ரீச்சர் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார்.

வட்டுக்கோட்டையில் மூன்று நாள் ஜியோகாச்சிங் கூடல். ஒருவர் ஒளித்து வைக்கும் சின்னப் பெட்டியை மற்றவர்கள் போனில் வரைபடத்தைப் பார்த்துத் தேடிப் பிடிக்க வேண்டும். வயல்வெளி, குளக்கட்டு, பனங்கூடல் என்று ஊரெல்லாம் பெட்டிகள். பொறுப்பாளன் பிறேம். வந்தவர்களில் வயதில் மூத்தவர் ரீச்சர். கொழும்பில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தனியாகவே பஸ் ஏறி வந்திருந்தார்.

கடுமையான விதி ஒன்றே ஒன்றுதான். காணிக்காரரிடம் கேட்காமல் ஒரு வளவிலும் பெட்டி வைக்கக்கூடாது. கேட்டேன் என்று கையெழுத்தும் போட வேண்டும்.

ரீச்சர் போட்டிருந்தார்.

ஆனால் நேற்றுப் பின்னேரம் குணலட்சுமி என்றொரு பெண் சைக்கிளில் வந்து இறங்கினாள். கோபமா அழுகையா என்று தெரியாத குரல்.

"காலமை துவக்கம் எங்கடை வளவுக்குள்ளை ஆக்கள் வாறதும் போறதும். கிணத்தடியிலை நிண்டு படம் எடுக்கினம். நான் தோட்ட வேலைக்குப் போனா வீட்டிலை ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளும் தனிய. ஆரைக் கேட்டு வந்தனீங்கள்?"

பிறேமுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்த வளவுப் பெட்டி ரீச்சருடையது.

"ஆரிட்டைக் கேட்டனீங்கள் ரீச்சர்? சொல்லுங்கோவன்." வரிசைக்கு முன்னால் பிறேம் திரும்பவும் கேட்டான்.

"பிழைதான் தம்பி. ஆளில்லாத வீடெண்டு நினைச்சிட்டன். மைமல் இருட்டுக்குள்ளை வைச்சது, சரியாப் பார்க்கேல்லை."

"ஆளில்லாட்டி? காணிக்காரர் இல்லாமல் போயிடுவினமே?"

"ரீச்சரா இருந்துகொண்டு..." என்று வரிசையிலிருந்த லவீனா பக்கத்தில் நின்றவளிடம் முணுமுணுத்தாள். அது எல்லோருக்கும் கேட்டது.

"உங்கடை பேரை வெட்டுறன் ரீச்சர். மன்னிக்கோணும்."

ரீச்சர் கழுத்தில் கிடந்த அட்டையைக் கழற்றி நீட்டினார்.

"சரி தம்பி. பெட்டியை நானே போய் எடுக்கிறன். அந்தப் பிள்ளையிட்டை மன்னிப்பும் கேக்கோணும்."

பிறேம் மோட்டச்சைக்கிளில் கூட்டிப் போனான்.

குணலட்சுமி படலையைத் திறக்கவில்லை. மேலால் எட்டிப் பார்த்தாள்.

"பெட்டி வைச்சது நான்தான் பிள்ளை. நீங்கள் இருக்கிறது தெரியாமல் செய்துபோட்டன். மன்னிச்சுக்கொள்ளும்."

நரைத்த தலையைப் பார்த்ததும் அவளுடைய குரல் இறங்கிவிட்டது.

"கோவிக்காதேங்கோ, நானும் நேற்றுக் கொஞ்சம் கூடக் கத்திப்போட்டன். பயம் அம்மா. இது எங்கடை வீடில்லை. எங்கடை காணியை ஆமி இன்னும் விடேல்லை. இது இடிஞ்சு கிடந்தது. பதினாலு வருசமா நாங்கள்தான் கூரை போட்டு, கிணறு இறைச்சு இருக்கிறம்."

"வீட்டுக்காரர்?"

"ஆரெண்டே தெரியாது. வெளிநாட்டிலையாம். ஆரும் போனோடை வந்து படமெடுத்தா, எங்களை இஞ்சையிருந்து எழுப்ப வந்திட்டினமெண்டு நெஞ்சு பதறுது. மூத்தவள் வாற மாசம் ஏ.எல். சோதனை. நேற்று முழுக்கப் புத்தகத்தைத் தொடேல்லை."

விறாந்தையில் ஒரு பெண்பிள்ளை மேசைக்கு முன்னால் இருந்தாள். புத்தகம் திறந்திருந்தது. அவள் பார்வை படலையில்தான் இருந்தது.

"நீங்கள் வீட்டுக்காரற்றை ஆக்கள் இல்லைத்தானே?" குணலட்சுமி மெல்லக் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. நாங்கள் சும்மா விளையாட வந்த ஆக்கள். இனி ஒருத்தரும் உங்கை வரமாட்டினம்."

அதன் பிறகுதான் படலை திறந்தது. ரீச்சர் பெட்டியை எடுத்துக்கொண்டார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று குணலட்சுமி விடவில்லை. ரீச்சர் கிணற்றுக்கட்டில் இருந்து ஆறுதலாகக் குடித்தார். அந்தப் பெண்பிள்ளைக்குப் பக்கத்தில் போய், எந்தப் பாடம் கஷ்டம் என்று கேட்டார். பிறேம் வெளியே நின்று இரண்டு தரம் மணி பார்த்தான்.

பஸ் தரிப்பிடத்துக்குப் போகும் வழியில் அவனால் அடக்க முடியவில்லை.

"கேக்கிறனெண்டு குறை நினைக்காதேங்கோ ரீச்சர். எத்தினை பிள்ளையளுக்குப் படிப்பிச்சிருப்பியள். கேக்காமலே கேட்டனெண்டு எழுத உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

"எழுதினது பொய்யில்லைத் தம்பி. படலையடியிலை அந்தப் பிள்ளைக்குச் சொன்னதுதான் பொய்."

பிறேம் மோட்டச்சைக்கிளை ஓரமாக நிறுத்தினான்.

"அந்த வீட்டை விக்கிறதுக்கு முதல் ஒருக்காப் பார்ப்பமெண்டுதான் வந்தனான். இனி விக்கேல்லை. அவை அங்கை இருக்கலாமெண்டு சட்டத்தரணியிட்டை எழுதி எடுத்துக்கொண்டு வந்து குடுக்கிறன். அதுக்கு முதல் வெறும் வாயாலை, வீட்டுக்காரி நான்தானெண்டு சொன்னா, அந்தப் பிள்ளை சோதனைக்குப் படிக்குமே தம்பி?"