அப்பா சொன்ன பேர்

மண்டி மொஹல்லா கடைத்தெருவில் புளி வியாபாரி செந்தில்நாதனிடம் பேரம் பேசி ஜெயித்தவர் இல்லை. திருநங்கைகளுக்காக ஓடியாடும் பிரதிபாவுக்கு அது தெரியாது.

"சார், மரகதம் நினைவில்லாம ஆஸ்பத்திரியில கிடக்கா. மதியத்துக்குள்ள ஆபரேஷன். பெத்தவங்க கையெழுத்து வேணுமாம்."

"யாரு? அவன் பேர் மணிவண்ணன்மா."

"சரி சார், மணிவண்ணன்."

"நான்தான் அப்பன்னு ஆஸ்பத்திரியில சொன்னியா?"

"இல்ல சார்."

"போலீஸ்ல?"

"யார்கிட்டயும் சொல்லல."

மானத்துக்குப் பயப்படுகிறார், கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று பிரதிபாவுக்குத் தெம்பு வந்தது. அவர் கல்லாப்பெட்டியைத் திறந்ததும் ஃபாரத்தை நீட்டினாள்.

வெளியே வந்தது பேனா அல்ல, மடித்து வைத்த ஒரு காகிதம். மணிவண்ணனின் இறப்புச் சான்றிதழ். ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி.

"பூர்வீகக் கடையைச் சின்னவன் பேருக்கு மாத்தறப்ப வாங்கினது. செத்தவனுக்கு எப்படிம்மா கையெழுத்துப் போடறது?"

நீட்டிய ஃபாரத்தைப் பிரதிபா மடக்கிக்கொண்டாள்.

"ஒண்ணு செய். பொழைக்கலைன்னா, சான்றிதழ்ல மரகதம்னே எழுதிக்கச் சொல்லு."

அந்தப் பேரை அப்பா ஒரு தடவையாவது சொல்ல மாட்டாரா என்றுதான் மரகதம் ஆறு வருஷமாய் ஏங்கிக்கொண்டிருந்தாள்.