கம்ப்யூட்டர் ரிப்பேர்

“தேவசிகாமணி அண்ணாச்சி கதை முடிஞ்சுது” என்றான் ஜெபசீலன்.

பாளையங்கோட்டையில் புதிதாகக் கம்ப்யூட்டர் தொழில் தொடங்கிய ஐந்து பேர், சனிக்கிழமைதோறும் அவனுடைய கம்ப்யூட்டர் வகுப்பில் கூடுவார்கள். யாருடைய மிஷின் மக்கர் பண்ணினாலும் மற்றவர்கள் கைகொடுப்பது என்று ஏற்பாடு. ஊரில் முதன்முதலில் கம்ப்யூட்டர் வாங்கிய தேவசிகாமணி மட்டும் வருவதில்லை.

“கூப்பிடப் போனா, ‘சங்கம் வச்சு என்னலே கிழிக்கப் போறிய’ன்னாரு. இப்பம் ரெண்டு மாசமா அவரு கடை வாசல்ல சிலேட்டு தொங்குது. ‘கம்ப்யூட்டர் ரிப்பேர்.’”

“ரிப்பேர் பாத்துக் குடுப்பாருன்னு அர்த்தமோ என்னவோ” என்றாள் சாலோமி. எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்த பிறகு அவளுக்கு என்னமோ போலிருந்தது.

மெட்ராஸ் வேலையை விட்டு வந்து, கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கடை போட்டவள் அவள். முதல் மாதம் ஒரு ஆளும் எட்டிப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டு மெட்ராஸ் பஸ் ஏறிவிடுவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் சொன்னது ஒன்றுதான்.

“அண்ணாச்சி கடையில மிஷின் ரிப்பேராம். உங்ககிட்டப் போகச் சொன்னாவ.”

அவர் மிஷின் படுத்ததில் தன் பிழைப்பு ஓடுவதா? திங்கட்கிழமை திருப்புளியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அவர் கடைக்குக் கிளம்பினாள்.

“அண்ணாச்சி, உங்க மிஷினை நான் பாக்கேன். ஒண்ணும் தர வேண்டாம்.”

“நீ உன் சோலியப் பாரும்மா. அது பைய சரியாவும்.”

“ரெண்டு மாசமாச்சே?”

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளே பிரிண்டர் கிறீச்சிட்டது. சாலோமி திரைச்சீலையை விலக்கினாள். கம்ப்யூட்டர் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட மார்க் லிஸ்ட் ஒவ்வொரு தாளாக மடிந்து விழுந்தது.

தேவசிகாமணி மாட்டிக்கொண்டவர் போலச் செருமினார்.

“பள்ளிக்கூட வேலை எனக்குப் போதும். சிலேட்டு, பத்திரிகை அடிக்க வாரவங்களுக்கு.”

“பொறவு ஏன் அண்ணாச்சி சங்கத்துக்கு மட்டும் வரமாட்டேங்கிய?”

அவர் சிலேட்டைக் கழற்றி, மங்கியிருந்த ‘ரிப்பேர்’ மேல் சாக்பீஸால் இன்னொரு தடவை அழுத்தி எழுதினார்.

“நான் வராட்டி என்ன? இருக்க அஞ்சு பேர்ல ஒண்ணு மெட்ராஸ் பஸ் ஏறிரக் கூடாதுல்லா.”