பைக்கு மருந்து இல்லை

மார்ச் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை காலை. எலும்பு முறிவுப் பிரிவின் கடைசி அறையில், தொடையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணின் சிறுநீரில், ஒரே ஒரு மருந்துக்கு மட்டும் அடங்கக்கூடிய கிருமி வளர்ந்திருப்பதாக ஆய்வகம் அறிவித்திருந்தது.

அந்த மருந்து மருந்தகத்தின் பூட்டிய அலமாரியில் இருந்தது. தொற்றுநோய் மருத்துவர் கையெழுத்திட்டால்தான் அலமாரி திறக்கும்.

அவர் மறுத்துவிட்டார்.

அறுவை மருத்துவர்கள் அந்த அம்மையாருக்கு வைத்திருந்த பெயர் ‘கஞ்ச டாக்டர்’. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. எட்டட்டும் என்று விட்டிருந்தார்.

நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. சிறுநீர்ப் பாதையில் எரிச்சலோ வலியோ கிடையாது. செவிலி பின்னிவிட்ட சடை கோணிக்கொண்டிருக்கிறதென்று குறைசொல்லும் அளவுக்குத் தெம்பாக இருந்தாள்.

மாதிரியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டதற்கு, கட்டிலோரம் தொங்கிய சிறுநீர் சேகரிப்புப் பையின் அடிக்குழாயைத் திறந்து பிடித்ததாகச் செவிலி ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். முந்தைய நாளிலிருந்து தேங்கிக் கிடந்த நீர். தேங்கிய நீரில் எதுதான் வளராது?

“எதுக்கு மேடம் வம்பு? டோஸைக் குறைச்சுப் போட்டுட்டுப் போவோமே” என்றார் அறுவை மருத்துவர்.

அதற்குள் நோயாளியின் அண்ணன் எழுந்துவிட்டார். முகக்கவசம் அவர் குரலைச் சற்றும் அடக்கவில்லை.

“உங்க கஞ்சத்தனத்தை உங்க வீட்டோட வச்சுக்கங்க! பாப்பாவுக்கு ஒண்ணுன்னா நான் இருந்து என்ன பிரயோஜனம்?”

“கிருமி உங்க பாப்பா உடம்புல இல்லைங்க, அந்தப் பையில இருக்கு. பைக்கெல்லாம் நான் மருந்து எழுதறதில்லை.”

மேலிடத்தில் புகார் கொடுப்பேன் என்றார் அண்ணன். தாராளமாக, என்று மருத்துவர் தம் பேனாவையே எடுத்து நீட்டினார். அண்ணன் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

அவர் வாயை அடைக்க மருத்துவரிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொல்ல மனம் வரவில்லை. அறுவை மருத்துவருக்கும் அது தெரியும்.

கடைசியில் கேட்டது தங்கைதான்.

“அந்த மருந்து கிட்னியைக் கெடுக்குமா டாக்டர்?”

“கெடுக்கலாம்மா.”

அண்ணன் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். அவருடைய இன்னொரு கை, தானாகவே போய் அடிவயிற்றின் வலப்பக்கத்தில் படிந்தது.

எடுக்கப்பட்ட முடிவு இது: அந்த மருந்து கொடுக்கப்படவில்லை. நண்பகலுக்கு முன்பே சிறுநீர்க் குழாயும் பையும் அகற்றப்பட்டன. மறுபடி காய்ச்சல் வந்தால் மட்டும் புதிய மாதிரி எடுப்பது, அதுவரை எந்த மருந்தாலும் சிறுநீரகத்தை வருத்தாமல் இருப்பது என்று இரு மருத்துவர்களும் அண்ணன் தங்கையும் ஒப்புக்கொண்டார்கள்.

தங்கைக்கு இருப்பது ஒரே சிறுநீரகம். மற்றதை அவள் அண்ணனுக்குக் கொடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.